மெஷின் ஓடும்போது கீசர் போடக்கூடாது

செப்டம்பர் 3, புதன்

படுக்க வச்சுட்டாங்க. கர்ப்பப்பை வாயில தையல் போட்டாச்சு. கட்டிலோட கால்மாட்டுக்கு அடியில செங்கல் வச்சுத் தூக்கியாச்சு. "பாத்ரூமுக்கு மட்டும் எந்திரிங்க, படி இறங்கறது பத்தி நினைக்கவே நினைக்காதீங்க"ன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எத்தனை நாளைக்குன்னு கேட்டதுக்கு, "அதை உள்ள இருக்கிற ஆள்தான் சொல்லணும்"னு சிரிக்கிறாங்க. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

போனையே நோண்டாம ஏதாவது எழுதச் சொன்னாங்களாம். அத்தை உடனே பீரோவில் இருந்து நம்ம கம்பெனி டைரியை எடுத்துக் குடுத்துட்டாங்க. முன்னாடி நாலு பக்கத்துக்கு எத்தனை அடி கிணத்துக்கு எத்தனை எச்பி மோட்டார்னு அட்டவணை. அதைத் தாண்டித்தான் என் சோகத்தை எழுதணும்.

மாடியில வீடு, கீழே பட்டறை. மாமனார் பம்ப் செட் பண்ணினார். அவர் போன பொறகு அத்தை நடத்தினாங்க. இந்தக் கோயமுத்தூர்ல நாச்சம்மாள்னு சொன்னா ஃபவுண்டரிக்காரங்க இன்னிக்கும் எந்திரிச்சு நிப்பாங்க. இப்ப என் வீட்டுக்காரர் பின்னால ஹால்ல உலோகம் அச்சடிக்கிற மெஷின் வாங்கிப் போட்டிருக்கார். ஊருக்கு அவர் சிவநேசன், எனக்கு மாமா. அதுக்கு அடுத்த ரூம்தான் என்னோடது, ஷேக்கர் ரூம், பீஸை ஆட்டிச் சோதிக்கிற இடம். அதாவது, நேத்து வரைக்கும் என்னோடது. அது சரியா இந்தக் கட்டிலுக்கு நேர் கீழே இருக்கு.

வீட்டுச் சட்டம் ஒண்ணை இப்பவே எழுதி வச்சிடறேன்: கீழே ஷேக்கர் ஓடும்போது மேலே கீசர் போடக்கூடாது. பழைய ஒயரிங், ரெண்டும் சேர்ந்தா மெயின் ட்ரிப் ஆயிடும். அதனால எனக்கு அடுப்புல வச்ச வெந்நிதான். ஒரு வாளி. அத்தை கொண்டு வர்றதுக்குள்ள அது பாதி ஆறிடும்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்னிக்கு ஷேக்கர் ஓட ஆரம்பிச்சுது. தரை வழியா, செங்கல் வழியா, கட்டில் வழியா முதுகுக்கு வந்துடுச்சு. ம்ம்ம்ம்னு ஒரே சுதி.

பெங்களூர்ல ஒரு கம்பெனி ரெண்டு பேர் உக்கார்ற பயிற்சி விமானம் பண்றாங்க. அதுல எஞ்சினுக்குப் பக்கத்துல பெட்ரோல் குழாயைப் பிடிச்சுக்கிற பிராக்கெட் நம்மளது. உள்ளங்கை அளவு அலுமினியம். பழைய முறையில கட்டியா வாங்கிக் கடைஞ்சு எடுக்கிறது ஒண்ணு. புது முறையில, பொடியை லேசர்ல உருக்கி அடுக்கடுக்கா அச்சடிக்கிறது இன்னொண்ணு. புதுசு பாதி எடை. இழுத்துப் பார்த்தா ரெண்டும் சமபலம்தான். ஆனா விமானத்துல யாரும் அதை உக்காந்து இழுக்கப் போறதில்லை. எஞ்சின் ஆட்டிக்கிட்டே இருக்கும். சின்னச் சின்ன ஆட்டம், ஓயாம. அதுலதான் உலோகத்துக்கு அலுப்பு வரும்.

அதனால ரெண்டு முறையிலயும் சோதனைக்குன்னு தனியாப் பண்ணின பீஸை ஷேக்கர்ல மாட்டி, எந்த வேகத்துல அது தானா அதிகமா ஆடுமோ அந்த வேகத்துலயே ஆட்டுவோம். பாடும். உள்ள விரிசல் விழுந்தா கண்ணுக்குத் தெரியாது, ஆனா சுதி இறங்கும். ஒன்பது வருஷமா இதையே கேட்டுக் கேட்டு எனக்கு கம்ப்யூட்டர் பார்க்க வேண்டியதில்லை.

மாமாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்: அச்சடிச்ச பீஸ் மெஷின்ல இருந்து எப்படி வருதோ அப்படியே மாட்டணும். மேல கை வைக்கக்கூடாது. ஏன்னா நிஜப் பிராக்கெட்டுக்குள்ள ஒரு வளைவு இருக்கு. அங்க எந்தச் சக்கரமும் போகாது, எந்த அரமும் போகாது. அந்த இடம் சொரசொரன்னுதான் பறக்கும்.

அத்தை நேத்து ஒரு பீஸைக் கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "இதென்ன அம்மிணி, சொறி புடிச்ச மாதிரி இருக்குது? இதையா பெரிய எடத்துக்கு அனுப்பறீங்க?"ன்னாங்க. சிரிச்சுட்டேன்.

அந்தப் பெங்களூர் கம்பெனியில நம்ம பீஸைச் சரிபார்க்கிறவர் இம்மானுவேல். முதல் தடவை அந்த விமானம் பறக்கிறப்ப பைலட்டுக்குப் பக்கத்து சீட்டுல அவர்தான் உக்காரப் போறாராம். போன மாசம் போன்ல சொன்னார். குரல்ல அப்படியொரு சந்தோஷம். "வீட்ல இன்னும் சொல்லலீங்க மேடம், சொன்னா விடமாட்டா"ன்னார்.

செப்டம்பர் 6, சனி

கடைஞ்ச பீஸ் ரெண்டு நாளா ஓடுது. அசையவே இல்லை சுதி. நல்ல பீஸ்.

எழுதறதுக்கு வேற ஒண்ணுமில்லை. ஜன்னல்ல பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி தெரியுது. அதுல ஒரு காக்கா.

முதல் தடவை அஞ்சாம் மாசத்துல போயிடுச்சு. அன்னிக்கு நான் ஷேக்கர் ரூம்லதான் நின்னுக்கிட்டு இருந்தேன். அந்த மெஷின் ஆட்டின ஆட்டம்தான் காரணம்னு அத்தை வாய்விட்டு ஒரு தடவைதான் சொன்னாங்க, ஆனா இன்னமும் அந்த ரூமைத் தாண்டறப்ப முந்தானையை இழுத்துப் போத்திக்குவாங்க. டாக்டரம்மா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு தெளிவாச் சொல்லிட்டாங்க. நானும் அப்படித்தான் நம்பறேன். இஞ்சினியராச்சே.

மாமாகிட்ட சொல்லிக் கட்டில் கால் நாலுக்கும் அடியில ரப்பர் வைக்க வச்சுட்டேன். சத்தத்துக்காகத்தான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஒறம்பரை வந்தாங்க, சொந்தக்காரங்க ஒரு கூட்டமே. ஆளாளுக்கு ஆப்பிளைக் குடுத்துட்டு "டென்ஷன் ஆவாத கண்ணு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. டென்ஷன் ஆயிடுச்சு.

செப்டம்பர் 9, செவ்வாய்

அச்சடிச்ச பீஸை மாட்டினாங்க. ரப்பர் இருந்தும் கேக்குது, மெதுவா. காலையில எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. டீ குடிச்சு முடிக்கிறப்ப காதுல ஏதோ உறுத்துச்சு. கேட்டேன். இறங்குது. கொஞ்சம் கொஞ்சமா, வெக்கமில்லாம இறங்குது.

போன் அடிச்சேன். "மாமா, நிறுத்துங்க, பீஸ் போயிடுச்சு."

"பசை விட்டிருக்கும்டா. நீ படு."

இது எங்க ஊர் வியாதி. பீஸ் மேல ஒரு சென்சாரைப் பசை வச்சு ஒட்டுவோம். அந்தப் பசை விட்டாலும் இதே மாதிரிதான் காட்டும். ஒரு காலத்துல மட்டமான பசை வாங்கி, நிஜமாவே அது நூறு தடவை விட்டுருக்கு. அதுல இருந்து எந்தப் பீஸ் என்ன ஆனாலும் முதல் பழி பசை மேலதான். பாவம், நல்ல பசை வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு.

மறுபடி ஒட்டி ஓட்டினார். சாயங்காலத்துக்குள்ள மறுபடி இறங்குச்சு. நான் போன் பண்ணலை. அவரே நிறுத்திட்டார்.

இன்னிக்கு உள்ள அசைவு கம்மி. தூங்குதுபோல. இதெல்லாம் சகஜம்.

செப்டம்பர் 10, புதன்

ஷேக்கர் ஓடலை. கீழே நாள் பூரா பஃபிங் மோட்டார் சத்தம், எதையோ மினுக்கறாங்க. ஏதோ பம்ப் ஆர்டர் போல. கீசர் போட்டுக் குளிச்சேன், ராஜபோகம்.

மாமா சாப்பிட வந்தார். அச்சடிச்ச பீஸ் என்ன ஆச்சுன்னு கேட்டேன். "பாத்துக்கலாம்"னார். ரசத்துல உப்பு அதிகம்னார். அதிகமில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

ஓடுது. இன்னொரு அச்சடிச்ச பீஸாம். சுதி இறங்கலை.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்னிக்கும் இறங்கலை. கடைஞ்ச பீஸுக்குச் சமமா நின்னுடுச்சு. எனக்கே ஆச்சரியம். முந்தினது ரெண்டும் நிஜமாவே பசைதானோன்னு என் மேலயே சந்தேகம் வந்துடுச்சு. படுத்துக் கிடந்தா காது கூடக் கெட்டுப் போகுமோ என்னமோ.

மத்தியானம் கீழே ஒரே கைத்தட்டல். மைசூர்பா மேல வந்துச்சு. ரெண்டு தின்னேன், டாக்டரம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

நம்ம வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்கு. புதுசா எந்தச் சரக்கு தேறினாலும் அந்த முதல் பீஸுக்குச் சந்தனம் குங்குமம் வச்சுச் சாமி ரூம்ல வைப்பாங்க. மாமனாரோட முதல் பம்ப் இம்பெல்லர்ல இருந்து எல்லாம் அங்க முருகனுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கு. அதுக்கு முன்னால வீட்டுல இருக்கிற எல்லார் கையும் படணும். அத்தை தட்டுல வச்சுக் கொண்டு வந்தாங்க. முகமெல்லாம் சிரிப்பு. "தொட்டுக் கும்புட்டுக்க அம்மிணி. உன் கையில தொடங்குன வேலை."

தொட்டேன். விரல் வழுக்கிட்டுப் போச்சு.

மறுபடி தடவினேன். கண்ணாடி. குங்குமத்துக்கு அடியில என் மூஞ்சி தெரியுது.

"அத்தை, இது அச்சடிச்ச பீஸா?"

"ஆமா கண்ணு."

"இப்படியா வந்துச்சு மெஷின்ல இருந்து?"

"அட, எங்க! பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. அந்தப் பெங்களூர் தம்பி நேர்ல வர்றாப்பலன்னான் நேசன். அவருக்கு முன்னால இதை வச்சா நம்ம மானம் என்னாகறது? நான்தான் எல்லாத்தையும் பஃபிங் போட்டு மாட்டச் சொன்னேன். நாப்பது வருசமா நம்ம கேட்டைத் தாண்டி மினுக்காத பீஸு ஒண்ணு போனதில்லை அம்மிணி."

அவங்க பெருமையாத்தான் சொன்னாங்க. நான் பீஸைத் தட்டுல திருப்பி வச்சுட்டேன். மைசூர்பா திகட்டுதுன்னு அத்தைகிட்ட சொல்லிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

மாமாகிட்ட கேட்டேன். மெதுவாத்தான் ஆரம்பிச்சேன்.

"பஃபிங் போட்டதுனாலதான் நின்னுச்சு. தெரியுமில்ல உங்களுக்கு?"

ஜன்னலைப் பார்த்துக்கிட்டு நின்னார். "அம்மாதான் போடச் சொன்னாங்க."

"அத்தைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

"அச்சடிச்ச பிராக்கெட் ரெண்டும் போன வாரமே போயிடுச்சு. விமானத்துல மாட்டியாச்சு. வியாழக்கிழமை இம்மானுவேல் வந்து ஒரு பீஸ் ஓடறதைப் பார்த்துட்டா முடிஞ்சுது. முதல்ல கொஞ்ச நேரம்தானே பறக்கப் போறாங்க? அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது. அடுத்த தடவை உள்பக்கத்துக்கும் ஏதாவது வழி பண்ணிடலாம்"னார்.

"அந்தக் கொஞ்ச நேரத்துல உள்ள யாராவது உக்காந்திருப்பாங்கல்ல? பெட்ரோல் குழாய் அது. எஞ்சின் சூடா இருக்கும்."

"கோதை, நீ முதல்ல நல்லபடியாப் பெத்து எடு. அது போதும் எனக்கு."

"அது வேற, இது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்!"னு கத்திட்டார். கண்ணு கலங்கியிருந்துச்சு. அவரைப் பார்க்கப் பாவமாவும் இருக்கு, அறையணும் போலவும் இருக்கு. நானே இம்மானுவேலுக்குப் போன் பண்றேன்னு போனை எடுத்தேன். அதுக்குள்ள தலை கிர்ருன்னு சுத்துச்சு.

நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தாங்க. ஏறியிருக்கு. டாக்டரம்மா போன்லயே தீர்ப்பு சொல்லிட்டாங்க: போன் கூடாது, லேப்டாப் கூடாது, வேலைப் பேச்சே கூடாது. மாமா என் போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போனார். என் நல்லதுக்குத்தான் எடுத்தார். சத்தியமா அதுக்கும்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தண்ணித் தொட்டி. காக்கா.

செப்டம்பர் 15, திங்கள்

கதவைத் திறந்தா அத்தை. ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர். சமைக்கிற அக்காகிட்ட போன் கேட்டேன், "அண்ணன் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாருங்க"ன்னு முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கிறாங்க, அன்போட. இந்த அன்புல இருந்து ஒரு ஆள் வெளிய வரணும்னா எந்தப் பக்கமா வர்றதுன்னு யாராவது சொன்னாத் தேவலை.

படி இறங்கலாம். எனக்குத் தெரியாதா? வளைஞ்ச படி, பிடிச்சுப் பிடிச்சு இறங்கலாம். மத்தியானம் எந்திரிச்சுப் படி வரைக்கும் போய்ட்டேன். முதல் படியில காலை வச்சேன். அடிவயிறு இழுத்துப் பிடிச்சுது. திரும்பி வந்து படுத்துட்டேன். பயந்துட்டேன்னு அர்த்தமில்லை. தாகமா இருந்துச்சு.

உள்ள ஒரு அசைவு வர்ற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். வந்துச்சு.

செப்டம்பர் 16, செவ்வாய்

அத்தை தலைக்கு ஊத்தி விட்டாங்க. ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். ஆறின வெந்நி. ஷாம்பு பாக்கெட்டைக் கிழிக்கப் போனாங்க. "அத்தை, பல்லு பல்லா வெட்டியிருக்கிற ஓரத்துல கிழிக்காதீங்க. வழவழன்னு இருக்கிற பக்கத்துல கிழிங்க பாக்கலாம்"னேன்.

முயற்சி பண்ணினாங்க. ஈரக்கை வேற. வரலை.

"இப்ப அந்தப் பல்லுல கிழிங்க."

சர்ருன்னு வந்துடுச்சு.

"எதுக்கு அம்மிணி இந்த வெளையாட்டு?"

"சொரசொரப்புல இருந்துதான் கிழிய ஆரம்பிக்கும் அத்தை. மினுக்கிட்டா சீக்கிரம் கிழியாது. நீங்க மினுக்கின பீஸுதான் கீழே பாஸ் ஆச்சு. விமானத்துல மாட்டினதுக்கு உள்பக்கம் மினுக்க முடியாது. அது இந்தப் பல்லு மாதிரியே இருக்கு. அதுக்குப் பக்கத்துலதான் இம்மானுவேல் உக்காரப் போறார்."

அத்தை கையில ஷாம்பு வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

"நேசனுக்குத் தெரியுமா?"

ஷாம்பு எரியும்னு நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். தலையைத் தேய்ச்சு விட்டாங்க, கொஞ்சம் பலமாவே. "கம்பெனி விசயம் அவன் பாத்துக்குவான். நீ பிரசரு ஏத்திக்காத"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவ்வளவுதான். நாச்சம்மாளே இப்படின்னா நான் யார்கிட்டப் போய் முட்டிக்கிறது?

செப்டம்பர் 17, புதன்

நாளைக்கு இம்மானுவேல் வர்றார். வழக்கமா யார் வந்தாலும் சாப்பாடு மேலதான், அத்தை கையால. நாளைக்கு மட்டும் ஓட்டல்லயாம். "உனக்குத் தொந்தரவு கூடாதுன்னு"ன்னார் மாமா, என் கண்ணைப் பார்க்காம.

ஆக அவர் இந்த மாடிப்படி ஏறப் போறதில்லை. நான் இறங்கப் போறதில்லை. நடுவுல ஒரு தளம், அவ்வளவுதான் தூரம்.

எனக்கு அனுமதி பாத்ரூமுக்கு மட்டும்.

செப்டம்பர் 18, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதறேன்.

பத்து மணி வாக்குல கீழே கார் வந்துச்சு. இம்மானுவேலோட சிரிப்பு கேட்டுச்சு, நெம்பப் பெரிய சிரிப்பு அவருக்கு. ஷேக்கர் ஆரம்பிச்சுது. மினுக்கின பீஸ், ஜம்முனு பாடுது. அந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டுப் படுத்திருக்க என்னால முடியலை.

எந்திரிச்சேன். சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். பாத்ரூமுக்குத்தானே, யாரும் கேக்க முடியாது. கதவுக்கு வெளியில, தோள் உயரத்துல, கீசர் சுவிட்ச். மேல அத்தை கையால எழுதி ஒட்டின சீட்டு: மெஷின் ஓடும்போது போடக்கூடாது.

போட்டேன்.

சிவப்பு லைட் கண்ணு சிமிட்டறதுக்குள்ள வீடே செத்துப் போச்சு. ஃபேன் நின்னுச்சு. முதுகுத்தண்டுல ரெண்டு வாரமா ஓடிக்கிட்டிருந்த அந்தச் சத்தம் நின்னுச்சு. கீழே இருந்து மாமா கத்தினார்: "மேல யாரு கீசரைப் போட்டது?"

திரும்பினா அத்தை நிக்கிறாங்க. கையில கரண்டி. என்னைப் பார்த்தாங்க. சுவிட்சைப் பார்த்தாங்க. போச்சுடான்னு நினைச்சேன். அத்தை மெதுவா வந்து சுவிட்சை அணைச்சாங்க. என் தோளைப் பிடிச்சுக் கட்டில் வரைக்கும் கூட்டிட்டு வந்து படுக்க வச்சாங்க. போர்வையைச் சரி பண்ணினாங்க. பொறகு படி உச்சியில போய் நின்னு, அந்தக் காலத்துல ஃபவுண்டரில குடுத்த அதே குரல்ல:

"கீசரும் இல்லை ஒண்ணுமில்லை நேசா, லைன்லயே கரண்டு போயிருச்சு! வெக்கையில விருந்தாளிய நிக்க வெச்சுட்டு இருக்காத, மேல கூட்டிட்டு வா. மோர் குடிச்சுட்டுப் போவட்டும்!"

"அம்மா, மெயின் ட்ரிப்தான் ஆயிருக்கு, நான் பாத்து..."

"கூட்டிட்டு வான்னா வா!"

வந்தார். இம்மானுவேல் அறை வாசல்லயே நின்னு, "கோதை மேடம், எப்படி இருக்கீங்க? சீக்கிரம் நல்ல சேதி சொல்லுங்க"ன்னார். பின்னால மாமா. முகத்துல ரத்தமே இல்லை. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அத்தை சாமி ரூமுக்குப் போய் அந்தப் பீஸை எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க. குங்குமம் காய்ஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னொரு கையில மெஷின்ல இருந்து வந்தபடியே ஒரு பீஸ், சொரசொரன்னு. அது எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. அத்தை முன்னாடியே கீழே இருந்து எடுத்து வச்சிருக்காங்க!

"தம்பி, இந்தச் சொரசொரப்புதான் எங்க மெஷின் பண்ணுன பீஸு. இந்த மினுக்குனது மாதிரிதான் நீங்க கீழ ஓட்டிப் பாத்துட்டு இருக்கறது. மினுக்கச் சொன்னது நான். மருமக வேண்டாம்னு முன்னாலயே சொல்லியிருக்குது. எனக்குத்தான் வெவரம் பத்தலை."

இம்மானுவேல் ரெண்டையும் வாங்கிக் கட்டை விரலால தடவினார். அப்புறம் மறுபடி தடவினார். சிரிப்பு போயிடுச்சு.

"சிவநேசன் சார், எங்ககிட்ட மாட்டியிருக்கிறதுல உள்வளைவு இதுல எது மாதிரி?"

மாமா தரையைப் பார்த்தார்.

"சொரசொரப்புதான் சார்"னு நான் சொன்னேன். "அந்த மாதிரி பீஸ் ரெண்டு தடவை சுதி இறங்குச்சு. பசை இல்லை. நான் கேட்டேன்."

அவர் மோரை நின்னுக்கிட்டே ஒரே மூச்சுல குடிச்சார். பால்கனிக்குப் போய்ப் போன் பேசினார். "நாளைக்கு எஞ்சின் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ரெண்டு பிராக்கெட்டையும் கழட்டுங்க. ஆமா, இப்பவே." திரும்பி வந்து என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

செப்டம்பர் 19, வெள்ளி

பிரஷர் நார்மலாம். நர்ஸுக்கு ஆச்சரியம், எனக்கில்லை.

மாமா இன்னிக்கு மேலயே வரலை. சாப்பாடு கீழே போச்சு. போன் மட்டும் என் தலைமாட்டுல இருந்துச்சு, முழு சார்ஜோட.

செப்டம்பர் 22, திங்கள்

சொரசொரப்பான பீஸை அப்படியே மாட்டி ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்காங்க பெங்களூர்ல இருந்து. காலையில மாமா வந்து நின்னார். நாலு நாளைக்கு அப்புறம். ஷேவ் கூடப் பண்ணலை.

"ஆரம்பிக்கப் போறேன். உனக்குக் கேக்குமா?"

"சரியாக் கேக்காது. அந்த ரப்பரை எடுத்துடுங்க."

என்னைப் பார்த்தார். வயித்தைப் பார்த்தார். "வேண்டாம் கோதை, அதிரும்."

"எடுங்க மாமா."

ஒவ்வொரு காலாத் தூக்கி எடுத்தார். கீழே போனார். சத்தம் முதுகுக்கு வந்துச்சு, எலும்பு வரைக்கும். வயித்து மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன். உள்ள இருக்கிற ஆள் ஒரு உதை விட்டுச்சு. சரி, நீயும் கேளு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலயே இறங்க ஆரம்பிச்சுடுச்சு. இறங்குது, இறங்குது, அப்புறம் ஒரேயடியா நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல படியில காலடி. மாமா பீஸைக் கொண்டு வந்து என் கையில வச்சார். ஓரமா முடி மாதிரி ஒரு கோடு.

"பசையா?"ன்னு கேட்டேன்.

"இல்லை"ன்னு கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்துட்டார். என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

செப்டம்பர் 24, புதன்

விமானத்துக்குக் கடைஞ்ச பிராக்கெட்டே போகுது. எடை கூடத்தான். அந்த வேலை இப்போதைக்கு வேற பட்டறைக்குப் போயிடுச்சு. அச்சடிக்கிற மெஷினுக்கு அத்தை துணி போட்டு மூடிட்டாங்க. ஷேக்கரும் நிக்குது. கீழே இத்தனை நிசப்தம் நான் கேட்டதில்லை. இம்மானுவேல் மெசேஜ் அனுப்பினார்: வீட்ல சொல்லிட்டாராம், பயங்கரச் சண்டையாம்.

நான் இன்னும் படுத்தேதான் கிடக்கேன். தண்ணித் தொட்டி அங்கதான் இருக்கு. காக்கா மட்டும் ஆள் மாறியிருக்கு.

சாயங்காலம் அத்தை வந்து, "மெசினு நிக்குது, கீசரு போட்டிருக்கேன். வா"ன்னாங்க. ஸ்டூல்ல உக்கார வச்சாங்க. ஆவி பறக்கிற தண்ணி. முதுகுல ஊத்தினாங்க. அப்பா, எத்தனை நாள் ஆச்சு.

"அன்னிக்கு தண்ணி சுட்டுச்சா அம்மிணி?"

"எங்க அத்தை, அதுக்குள்ள கரண்டு போயிடுச்சே."

சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் முதுகைத் தேய்ச்சுக்கிட்டே மெதுவாக் கேட்டாங்க:

"அந்த மெசினு ஆட்டம் புள்ளைய ஒண்ணும் பண்ணாதுன்னு டாக்டரம்மா சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான் அத்தை. அன்னிக்கும் அதுனால இல்லை."

"அப்பறம் நீ ஏன் கண்ணு கட்டிலுக்கு ரப்பர் வெக்கச் சொன்னே?"

சத்தத்துக்குத்தான்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அத்தை சொம்பு நிறைய மொண்டு என் தலையில ஊத்தினாங்க. நிறுத்தாம ஊத்திக்கிட்டே இருந்தாங்க. அதனால நான் அழுதது எங்க ரெண்டு பேருக்கும் தெரியலை.